நுனிப்புல் மேயும் ஆடு பிழைத்துக்கொள்ளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வேளாண் பக்கத்தில் வெளிநாட்டு மேய்ச்சல் நிலங்களில் ஆடுகள் தள்ளாடி விழுவதைப் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். ‘விஷப்புல்’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு. படித்து முடித்ததும் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நான் நியூசிலாந்தில் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் புல்லைக் கிழித்துக் கிழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். அந்த உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: கட்டுரையாளர் நுனிப்புல் மேய்ந்துவிட்டார். அந்த ஆடுகளும் நுனிப்புல்லை மட்டும் மேய்ந்திருந்தால் விழுந்திருக்காது என்பதுதான் இதில் வேடிக்கை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ‘விஷம்’ எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அந்த மேய்ச்சல் நிலங்களில் விதைக்கிற ரைகிராஸ் என்ற புல்லின் தூர் ஒன்றை மண்ணோடு ஒட்டி அறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே காய்ந்துபோன இலை உறையைத் தள்ளிவிட்டு, அதற்கு அடுத்த உயிருள்ள உறையைப் பிரித்து, அதன் உட்புறத் தோலை இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தால் வெங்காயச் சவ்வைவிட மெல்லியதாக ஒன்று உரிந்து வரும். அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, அனிலின் நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, லேசாகச் சூடு காட்டிவிட்டு லென்ஸுக்கு அடியில் வையுங்கள். புல்லின் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் நீளநீளமாகத் தெரியும். அந்தச் செங்கல் சந்துகளில் நீல நூல் ஒன்று நெளிந்து நெளிந்து ஓடும். அதிகம் கிளை விடாது, எந்தச் செல்லையும் துளைத்து உள்ளே போகாது, சந்தோடு சந்தாகவே போய்க்கொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது யாரோ ஸ்வெட்டர் நூலைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அதுதான் பூஞ்சை. எண்டோஃபைட் என்று சொல்வார்கள், அதாவது செடிக்குள்ளேயே குடியிருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் புல் பச்சைப்பசேல் என்று இருக்கும். ஒரு புள்ளி, ஒரு வாடல், ஒரு கருகல் கிடையாது.

இது காற்றில் பரவி வந்து ஒட்டிக்கொள்கிற நோயும் இல்லை. புல் கதிர் விடும்போது பூஞ்சையும் தண்டோடு மேலே ஏறி விதைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். விதை முளைத்தால் நாற்றுக்குள்ளும் அது இருக்கும். தாயிடமிருந்து பிள்ளைக்கு, அவ்வளவுதான். பக்கத்துப் புல்லுக்குத் தாவாது. ஆகவே ஒரு நிலத்தில் இந்தப் பூஞ்சை இருக்கிறது என்றால், விதைத்த விதையிலேயே அது இருந்தது என்றுதான் அநேகமாக அர்த்தம். (பெயரைத்தான் மாற்றி மாற்றி வைத்து எங்களைப் பாடாய்ப் படுத்தினார்கள். நான் சேர்ந்தபோது பழைய ஆட்கள் அக்ரிமோனியம் என்பார்கள், பாடப் புத்தகத்தில் நியோடைஃபோடியம் என்று இருக்கும், 2014க்குப் பிறகு எல்லாம் எபிக்ளோயி என்று ஆகிவிட்டது.)

உங்கள் கட்டுரையில் இதை எர்காட் என்று எழுதியிருந்தது. எர்காட் இதற்குப் பங்காளி முறை, இல்லை என்று சொல்லவில்லை, இரண்டும் ஒரே குடும்பத்துப் பூஞ்சைகள்தான், சில நஞ்சுகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஆனால் எர்காட் கதிரில் வரும், தானியம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், கண்ணுள்ள எவரும் பார்த்துவிடலாம். எண்டோஃபைட்டைப் பார்க்க முடியாது என்பதுதான் அதன் மொத்தக் கதையும்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1931ல் கென்டக்கி மாநிலத்தில் ஒரு மலைச்சரிவுப் பண்ணையில், மற்ற புல்லெல்லாம் சோர்ந்துபோன நேரத்திலும் பச்சையாக நின்ற ஒரு டால் ஃபெஸ்க்யூ புல்லை அங்கத்திய பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபெர்கஸ் பார்த்தார். விதை எடுத்துக்கொண்டு போய் வளர்த்து, சோதித்து, 1943ல் ‘கென்டக்கி 31’ என்று வெளியிட்டார்கள். வறட்சி தாங்கியது, மிதி தாங்கியது, மண் அரிப்பைத் தடுத்தது. விவசாயிகள் விட்டுவைப்பார்களா? இன்றைக்கு அந்த நாட்டில் டால் ஃபெஸ்க்யூ சுமார் 3.5 கோடி ஏக்கரில் இருக்கிறது, அதில் பெரும்பங்கு இந்த வகைதான். அந்த முதல் புல்லுக்குள்ளேயே பூஞ்சை இருந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது. அது பச்சையாக நின்றதற்கு ஒரு காரணமே அந்தப் பூஞ்சைதான்.

கொஞ்ச வருடத்தில் மாடுகள் ஒரு தினுசாக ஆயின. ஆய்வகத்தில் சோதித்தால் புல்லில் புரதம் நன்றாக இருக்கிறது, செரிமானம் நன்றாக இருக்கிறது, காகிதத்தில் பார்த்தால் முதல்தரத் தீவனம். மாடோ எடை ஏற மாட்டேன் என்கிறது. கோடையில் குளிர்கால முடியை உதிர்க்காமல் சடைபிடித்த தோலோடு குட்டைத் தண்ணீரில் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும், மூச்சு வாங்கும், எச்சில் ஒழுகும், மேயவே வராது. அதே மாட்டுக்குக் குளிர்காலத்தில் வேறு மாதிரி வரும்: பின்னங்கால் நொண்டும், குளம்புக்கு மேலே ஒரு கோடு போட்டதுபோல் ஆகி அதற்குக் கீழே ரத்தம் போகாமல் அழுகும், வால் நுனியும் காது நுனியும் உதிர்ந்தே போகும். கோடையில் வருவது ஒரு நோய், குளிரில் வருவது இன்னொரு நோய் என்று ரொம்ப நாள் தனித்தனியாகப் பார்த்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பூஞ்சை செய்கிற எர்கோவலின் என்ற ஆல்கலாய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. வெயிலில் உடம்புச் சூடு தோல் வழியாக வெளியே போக முடியவில்லை, குளிரில் உடம்பின் ஓரங்களுக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை.

குதிரை வளர்ப்பவர்களின் கதை இன்னும் மோசம். சினையாக இருக்கிற குதிரை இந்தப் புல்லை மேய்ந்தால் நாள் தள்ளிப்போகும், குட்டி பெருத்துவிடும், நஞ்சுக்கொடி தடித்துப் போகும், பிரசவம் கஷ்டமாகிவிடும். அப்படியே பிழைத்து வந்தாலும் மடியில் பால் இருக்காது. பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஹார்மோனை இந்த ஆல்கலாய்டுகள் அடக்கிவிடுகின்றன, மூளையில் டோபமைன் என்ற பொருள் செய்கிற வேலையை இவை போய்ச் செய்வதால். டோம்பெரிடோன் கொடுத்தால் சரியாகும் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள், மனிதர்களுக்கு வாந்திக்குக் கொடுப்பார்களே, அதே மருந்து. ஆனால் நல்ல வழி எதுவென்றால், குட்டி போடுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னாலேயே அந்த நிலத்தைவிட்டு ஓட்டிவிடுவதுதான்.

காரணம் பிடிபட்டது 1970களில். ஜார்ஜியா மாநிலத்தில் ஒரே பண்ணையில் இரண்டு ஃபெஸ்க்யூ நிலங்கள். ஒன்றில் மேய்ந்த மாடுகளுக்கு இந்தத் தொல்லையெல்லாம், மற்றதில் மேய்ந்தவைக்கு ஒன்றும் இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் சார்லஸ் பேக்கனும் அவரோடு இருந்தவர்களும் போய்ப் புல்லை எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட நிலத்தில் எடுத்த புல் எல்லாவற்றிலும் பூஞ்சை. நல்ல நிலத்தில் பத்துக்கு ஒன்றில்தான். 1977ல் எழுதி வெளியிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக மண்ணையும் தண்ணீரையும் தாது உப்பையும் விவசாயியின் கைராசியையும் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அப்புறம்தான் புல்லை உரித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இப்போது உங்கள் ஆடுகளுக்கு வருகிறேன். நீங்கள் போட்டிருந்த படம் ரைகிராஸ் நிலம். அங்கே வேலை செய்வது எர்கோவலின் அல்ல, லோலிட்ரெம் பி என்ற வேறொரு நஞ்சு. அது நரம்பில் போய் ஒரு வகைப் பொட்டாசிய வாசலை அடைத்துவிடுகிறது. ஆடு சும்மா நிற்கும்போது தலை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. நாய் குரைத்தாலோ நாம் விரட்டினாலோ ஓடத் தொடங்கும், காலை மடக்க முடியாமல் மரக்குதிரை மாதிரி துள்ளும், நாலு எட்டில் விழும், விழுந்து கால்கள் நாலும் விறைத்து உதறும். பக்கத்தில் போகாமல் பத்து நிமிடம் விட்டுவிட்டால் தானே எழுந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி மேயப் போய்விடும். நான் முதன்முதலில் பார்த்தபோது ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தப் பார்த்தேன். அது இன்னும் மிரண்டு மறுபடி விழுந்தது. “தொடாதே, விட்டுவிடு” என்று பண்ணைக்காரர் கத்தினார். இந்த நஞ்சு நேரடியாகக் கொல்வது அபூர்வம். வாய்க்காலில் விழுந்து மூழ்கி, வேலியில் மாட்டிக்கொண்டு, எழுந்திருக்க முடியாத பள்ளத்தில் கிடந்து, அப்படித்தான் சாகும். வேறு தீவனத்துக்கு மாற்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் தேறிவிடும்.

நுனிப்புல் விஷயத்துக்கு வருகிறேன் என்று சொன்னேனே. பூஞ்சை புல் முழுக்க ஒரே அளவில் இருக்காது. அடித்தூரில், இலை உறையில் நிறைய இருக்கும், இலை நுனியில் கொஞ்சம்தான். கதிர் வந்தால் கதிரிலும் நிறைய. லோலிட்ரெமும் அதே கணக்குத்தான். மழை நன்றாகப் பெய்து புல் வளர்ந்து நிற்கும்போது ஆடு மேல் இலையைத் தின்றுவிட்டு நகர்ந்துவிடும், ஒன்றும் ஆகாது. கோடைக் கடைசியில் நிலம் காய்ந்து, புல் குறைந்து, வேறு வழியில்லாமல் மண் தெரிகிற அளவுக்கு மேயவிடும்போதுதான் பிரச்சினை. அதாவது தீவனப் பஞ்சத்தில் ஏற்கெனவே நொந்து கிடக்கிற பண்ணைக்காரனைத்தான் இது தேடிவந்து அடிக்கும்.

சரி, பூஞ்சைதான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது, அதை ஒழித்துவிடலாமே? உங்கள் கட்டுரையும் கடைசியில் அப்படித்தான் முடிகிறது. ஒழித்துப் பார்த்தாயிற்று ஐயா. அது ரொம்பச் சுலபம். விதையைச் சூடும் ஈரமும் உள்ள கொட்டகையில் ஒரு வருடம், ஒன்றரை வருடம் வைத்தால் போதும், விதை உயிரோடு இருக்கும், உள்ளே பூஞ்சை செத்திருக்கும். 1980களில் அமெரிக்காவில் பூஞ்சை இல்லாத ஃபெஸ்க்யூ வந்தது. மாடுகள் கொழுத்தன. புல்தான் செத்தது. வறட்சி வந்தால் தாங்கவில்லை, இறுக்கி மேய்த்தால் தாங்கவில்லை, இரண்டு மூன்று வருடத்தில் நிலம் சொட்டை விழுந்தது.

நியூசிலாந்தில் இந்தப் பாடம் இன்னும் சீக்கிரம் கிடைத்தது. தள்ளாட்டத்துக்கும் எண்டோஃபைட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஃப்ளெட்சர், ஹார்வி என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதியது 1981ல். மறு வருடமே இன்னொரு விஷயம் தெரிந்துவிட்டது: பூஞ்சை இல்லாத ரைகிராஸை அர்ஜென்டினா தண்டு வண்டு தின்று தீர்க்கிறது, பூஞ்சை உள்ளதைத் தொடுவதில்லை. அந்த வண்டைத் துரத்துவது பெராமைன் என்ற பொருள். அதுவும் இதே பூஞ்சை தயாரிப்பதுதான், ஆனால் ஆடுமாடுகளுக்கு அதனால் தீங்கு இல்லை. புல் இந்தப் பூஞ்சைக்கு வீடும் சோறும் கொடுக்கிறது, பூஞ்சை வீட்டுக்குக் காவல் இருக்கிறது. காவல்காரன் கையில் பல ஆயுதங்கள், அதில் ஒன்றிரண்டு நம் ஆட்டின்மேல் படுகிறது. பழைய காவல்காரனை அடித்துத் துரத்தினால் வீட்டில் திருடன் புகுந்துவிடுகிறான்.

ஆகவே ஆளை மாற்றினார்கள். உலகம் முழுக்கக் காட்டுப் புற்களைத் தேடிப்போய், லோலிட்ரெமும் எர்கோவலினும் செய்யாத, ஆனால் பெராமைன் செய்கிற பூஞ்சை வகையைப் பிடித்து, அதை நாற்றுக்குள் ஊசி முனையால் கீறி வைத்துக் குடியேற்றினார்கள். அந்தப் பூஞ்சை வகை ஏஆர்1 என்ற பெயரில் 2001ல் நியூசிலாந்தில் சந்தைக்கு வந்தது. அதே சமயத்தில் அமெரிக்காவில் ஃபெஸ்க்யூவுக்கு மேக்ஸ்க்யூ என்ற இதேபோன்ற பூஞ்சை வந்தது. ஏஆர்1 போட்ட நிலத்தில் ஆடு தள்ளாடுவதில்லை. ஆனால் கறுப்பு வண்டு வருகிற பகுதிகளில் அது போதவில்லை, வேரைத் தின்கிற அசுவினிக்கும் போதவில்லை. 2007ல் ஏஆர்37 என்ற இன்னொரு வகைப் பூஞ்சை வந்தது, பூச்சிகளை ரொம்ப நன்றாக அடக்குகிறது, புல் நிற்கிறது. ஆனால் அதில் ஜாந்திட்ரெம் என்று வேறொரு நஞ்சு இருப்பதால் ஆடுகளுக்குச் சில சமயம் தள்ளாட்டம் வரத்தான் செய்கிறது, பழைய அளவுக்கு இல்லை. எதற்கு எதை விட்டுக்கொடுப்பது என்பது அந்தந்த நிலத்தையும் அங்கே வருகிற பூச்சியையும் மேய்கிற பிராணியையும் பொறுத்தது. சினைக் குதிரை மேய்கிற நிலத்துக்கு ஒரு கணக்கு, இறைச்சி மாட்டுக்கு ஒரு கணக்கு. நஞ்சு அதிகமாக வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு, நம்பமாட்டீர்கள்: விமான நிலைய ஓடுபாதை ஓரங்களில் பறவைகள் வந்து மேயாமல் இருக்க வேண்டுமென்றே கடுமையான எண்டோஃபைட் உள்ள புல்லை நியூசிலாந்தில் விதைக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் ஒன்றுதான். உங்கள் கட்டுரையில் புல்லின் பெயர் ஏழு தடவை வருகிறது, எண்ணிப் பார்த்தேன், பூஞ்சையின் சரியான பெயர் ஒரு தடவைகூட இல்லை. ரைகிராஸ் என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொல்லாததற்குச் சமம். ஒரே ரகப் புல், ஒரே நிற விதை, பக்கத்துப் பக்கத்து மூட்டை: ஒன்றில் பழைய பூஞ்சை, ஒன்றில் ஏஆர்1, ஒன்றில் ஒன்றுமே இல்லை. மூன்றும் மூன்று விதமான நிலம். நியூசிலாந்தில் மூட்டையின் மேல் புல் ரகத்தின் பெயரோடு பூஞ்சையின் பெயரையும் போட்டு விற்பது வழக்கமாகிவிட்டது. நூற்றுக்கு எழுபது விதையிலாவது பூஞ்சை உயிரோடு இருக்க வேண்டும் என்பது பொதுவாக எதிர்பார்க்கிற அளவு. எங்கள் கூடத்தின் வேலையே அதை எண்ணுவதுதான். ஒருமுறை ஒரு மூட்டை வந்தது, முளைப்புத்திறன் தொண்ணூறுக்கு மேல், அருமையான விதை, நாற்றை உரித்து உரித்துப் பார்க்கிறேன், ஒரு நீல நூல்கூட இல்லை. ஏதோ ஒரு கிடங்கில் தகரக் கூரைக்கு அடியில் ஒரு கோடை முழுக்கக் கிடந்திருக்கிறது. விதைத்தவர் புல் நன்றாக முளைத்ததே என்று சந்தோஷப்பட்டிருப்பார். அடுத்த வண்டு வரும்வரை.

மூட்டைக்குச் சொன்னதுதான் வைக்கோலுக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வீட்டு முற்றம், மைதானம் மாதிரியான இடங்களில் போடுகிற அலங்காரப் புல்தரைக்கான விதை உற்பத்தி பெரிய தொழில். புல்தரைக்காரர்களுக்கு எண்டோஃபைட் உள்ள விதைதான் பிடிக்கும், பூச்சி வராது, பச்சையாக இருக்கும். விதையை அடித்து எடுத்தபிறகு மிஞ்சுகிற வைக்கோல் கட்டுக்கட்டாக ஜப்பானுக்குக் கப்பலேறிப் போய், அங்கே மாடுகள் தள்ளாடின. காய்ந்துவிட்டால் நஞ்சு போய்விடும் என்று நினைப்பது தப்பு, வைக்கோலில் கொஞ்சம் குறையலாம், போகாது. இப்போது கப்பலேற்றுவதற்கு முன்னால் ஓரிகனில் உள்ள பல்கலைக்கழக ஆய்வகத்தில் எர்கோவலினையும் லோலிட்ரெமையும் அளந்து சான்று வாங்குகிறார்கள். புல்தரைக்கு நல்லது என்பதும் மாட்டுக்கு நல்லது என்பதும் ஒன்றல்ல என்று மூட்டையில் யாராவது எழுதியிருந்தால் அந்தக் கூத்தே நடந்திருக்காது.

பழைய ஃபெஸ்க்யூ நிலம் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் உழுது மாற்ற முடியாது, பணம் ஆகும், சரிவு நிலமென்றால் மண் போய்விடும். அவர்களுக்கும் வழி இருக்கிறது: நடுவில் குளோவர் என்ற தீவனச் செடியைக் கலந்து விதைத்தால் மாட்டின் வயிற்றில் நஞ்சின் பங்கு குறையும், கதிர் வருவதற்கு முன்னால் வெட்டிவிட்டால் பாதித் தலைவலி போகும், கோடையில் வேறு நிலத்துக்கு ஓட்டலாம். இதையெல்லாம் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தால்கூட யாருக்காவது உதவியிருக்கும்.

கடைசியாக ஒன்று, கட்டுரையின் அடியில் ‘சந்தேகம் இருந்தால் புல்லைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்’ என்று போட்டிருந்தீர்கள், ஆனால் எப்படி என்று போடவில்லை. இலையைப் பறித்து உறையில் போட்டு அனுப்பினால் அதில் அநேகமாக ஒன்றும் அகப்படாது, நிலம் சுத்தம் என்று முடிவு வந்துவிடும், ஆடு தொடர்ந்து விழும். நிலத்தின் குறுக்கும் நெடுக்கும் நடந்து, ஒரே இடத்தில் எடுக்காமல், முப்பது நாற்பது தூர்களை மண்மட்டத்தில் கத்தியால் அறுத்து, ஈரக் காகிதத்தில் சுற்றி, வாடுவதற்குள் குளிர்ச்சியாக அனுப்ப வேண்டும். அடுத்த வாரம் இந்த ஒரு வரியையாவது திருத்தமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
புல் உரித்த பழைய வாசகன்